ஒலிப்பதிவும் ஒலியாராய்ச்சியும்

கண்ணாற் கண்டவற்றைக் காத்துவைக்கும் வழிகளை மனிதன் பண்டைக் காலத்திலேயே அறிந்துகொண்டான். கல்லிற் செதுக்கினான், சுவரில் தீட்டினான், ஓலையில் எழுதினான். காதாற் கேட்டவற்றைக் காக்கும் வழி மட்டும் நெடுங்காலம் அவனுக்கு எட்டவில்லை. ஒலி பிறந்த கணத்திலேயே மறைந்துபோவது. சொல்லை எழுத்திலே நிறுத்தலாம்; அச்சொல்லைச் சொன்ன குரலை எழுத்திலே நிறுத்துதல் இயலாது.

கிழக்கிலங்கையில் மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கரையோரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலான ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய ஒலிகள் உண்டு. வைகறையில் எழும் பாங்கொலி, கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு, மருதமுனைக் கைத்தறியின் ஓசை, கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாள்களில் ஒலிக்கும் பக்கீர்மாரின் றபான் முழக்கம், தாய்மாரின் தாலாட்டு, வயற்காட்டிற் பாடப்பட்ட கவி என அவை பலவாகும். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் இப்பகுதி முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டி நூல்களாக்கினர். அப்பணியின் பயனாகச் சொற்கள் பிழைத்தன. ஆயினும் ஒரு மூதாட்டி கவியின் இரண்டாம் அடியை எவ்வளவு நீட்டிப் பாடினாள், எவ்விடத்தில் மூச்சை நிறுத்தினாள் என்பவற்றை அச்சுப் புத்தகம் சொல்ல மாட்டாது.

இக்குறையைத் தீர்க்கும் கருவி இன்று பெரும்பாலோரின் சட்டைப்பையிலேயே இருக்கின்றது. கையடக்கத் தொலைபேசி ஒலியைப் பதிகின்றது. பதிந்த ஒலியைக் கணினியில் ஏற்றி வெட்டவும், ஒட்டவும், அளக்கவும், படமாகப் பார்க்கவும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய ஓடாசிற்றி 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது, விலையின்றிக் கிடைப்பது. முன்னாளில் ஒலிபரப்பு நிலையங்களுக்கு மட்டுமே கிட்டிய வசதிகள் இன்று பாடசாலை மாணவனுக்கும் கிட்டியுள்ளன. எனினும் இக்கருவிகளுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. பதிவில் இல்லாத ஒன்றை எந்தக் கருவியும் தராது என்பது முதலாவது. ஒலியின் வடிவத்தைக் காட்டுங் கருவி, அவ்வொலி யாருடையது, எங்கே, எப்பொழுது எழுந்தது என்பவற்றைக் காட்டாது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் அறிந்து பயன்படுத்துவோனுக்கே கருவி துணையாகும்.

கல்முனையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில், மட்டக்களப்பு வாவியிலே கேட்கப்படும் பாடும் மீனின் கதை இவ்வுண்மையை விளக்க வல்லது. நிலவுக் காலத்து இரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் இட்டு, அதன் மறுமுனையிற் காதை வைத்தால் இன்னிசை கேட்கும் என்பது அப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறிவருவது. துடுப்பு ஏன் வேண்டும்? நீரினுள் எழும் ஒலி நீர்ப்பரப்பில் மோதியதும் பெரும்பாலும் உள்ளேயே திரும்பிவிடுகின்றது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே காற்றினுள் வருகின்றது. துடுப்பின் மரமோ அவ்வொலியை நேரே காதுக்குக் கொண்டு சேர்க்கின்றது. இயற்பியல் நூல் படியாத மீனவர் நீரொலியைக் கேட்பதற்கு ஏற்ற கருவியைத் தம் கையிலேயே வைத்திருந்தனர்.

இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் அவ்விசையைத் தோணியிலிருந்து கேட்டு, 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் எழுதிவைத்தார். அஃது ஒரே நீண்ட சுரமாக அன்றிச் சின்னஞ்சிறு ஒலிகள் பல சேர்ந்ததாய் இருந்தது என்றும், தோணியின் மரத்திற் காதை வைத்தபோது மிகுந்து கேட்டது என்றும் அவர் குறித்தார். அங்குள்ள மீனவர் அவ்வொலியைச் சிப்பியினத்தைச் சேர்ந்த ஊரியின் ஒலி என்றே கூறினர். பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு அன்று தொடங்கியது. 1950களில் மட்டக்களப்பிலே பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அவ்வொலியை நாடாவிற் பதிந்தார். பின்னர் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. பதிவின் பயனாக அவ்வொலி பலர் காதுக்கும் எட்டியது. அதன் சுரம் யாது, எத்துணை நேரம் நீடிக்கின்றது என்று அளக்கவும் வழி பிறந்தது. ஆனால் பாடுவது எவ்வுயிர் என்பதை அளவு மட்டும் தீர்த்துவைக்காது. அதற்கு நீரின் ஆழம், நாள், நேரம், அவ்வேளையில் அங்கிருந்த உயிர்கள் ஆகியவை பற்றிய குறிப்பும் பதிவோடு உடனிருத்தல் வேண்டும்.

இனி, பதிவு செய்யும் முறையை நோக்குவோம். காற்றின் அதிர்வை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகின்றது. கணினி அம்மின்னலையின் உயரத்தை ஒரு செக்கனில் 44,100 தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கின்றது. ஓர் அதிர்வைப் பிடிப்பதற்கு அதன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுக்கு மேற்பட்ட அளவுகள் வேண்டும் ஆதலின், இவ்வேகத்தில் 22,050 ஹேட்ஸ் வரையான மீடிறன்களைப் பதியலாம். மனிதச் செவி கேட்பது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை. ஆகவே இவ்வேகம் போதுமானது. ஒவ்வோர் அளவும் 16 இலக்க இரும எண்ணாக எழுதப்படின் 65,536 படிகளுள் ஒன்றாக அமையும். அலை இவற்றுள் மேற்படியையும் தாண்டி எழுந்தால், அதன் தலை தட்டையாக வெட்டுண்டுவிடும். பின்னர் ஒலியைக் குறைத்தாலும் வெட்டுண்ட பகுதி மீளாது. ஆதலால் றபானின் மிக உரத்த அடியை முன்கூட்டியே அடிக்கச் செய்து, அளவுமானி உச்சக் கோட்டுக்குப் பத்து டெசிபெல் அளவு கீழே நிற்குமாறு ஒலிவாங்கியைச் சரிசெய்தல் நலம்.

கையடக்கத் தொலைபேசியிற் பதிவோர் வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். அது பேச்சுக்கென அமைந்த கருவி. உரத்த ஒலியைத் தானாகவே தாழ்த்துதல், மெல்லொலியைத் தானாகவே உயர்த்துதல், பேச்சல்லாதவற்றை இரைச்சல் எனக் கருதி நீக்குதல் ஆகியவற்றை அது செய்யக்கூடும். றபானின் அடி முடிந்தபின் மெல்ல அடங்கும் நாதத்தை அது குப்பையென எண்ணித் துடைத்துவிடலாம். இத்தகைய தன்னியக்கங்களை இயன்றவரை நிறுத்திவிட்டே பதிதல் வேண்டும். அன்றியும், இடத்தைச் சிக்கனப்படுத்துதற்கென ஒலியைச் சுருக்கும் எம்பி3 போன்ற முறைகள், செவிக்குப் புலப்படாதெனக் கணித்த பகுதிகளை நீக்கிவிடுகின்றன. கேட்டு மகிழ்வதற்கு அவை போதும். காத்துவைப்பதற்கும் ஆராய்வதற்கும் போதா. சுருக்காத பதிவு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து மெகாபைற்று இடத்தையே கொள்ளும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு அது பெருஞ்சுமையன்று.

பதிந்த ஒலியைக் கண்ணாற் காண்பது எவ்வாறு? எத்துணைச் சிக்கலான அலையையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டாகப் பிரிக்கலாம் என்னும் கணிதத்தைப் பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாறு பிரித்த ஒலியை நேரம் கிடைக்கோட்டிலும் மீடிறன் நிலைக்கோட்டிலும் அமையப் படமாக வரையுங் கருவியை 1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் உருவாக்கினர். செவிப்புலனற்றோர் பேச்சைப் படமாக வாசித்தல் கூடுமா என்னும் எண்ணமும் அம்முயற்சியிற் கலந்திருந்தது. 1965ஆம் ஆண்டிற் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்குமுறையின் பின்னர், அன்று பெரும் இயந்திரம் செய்த வேலையை இன்று சிறு கணினி கண்ணிமைக்கும் நேரத்திற் செய்கின்றது. இப்படத்துக்கு ஒலி நிறமாலைப் படம் என்று பெயர்.

மருதமுனையிலே ஒரு நெசவாளர் தறியில் அமர்ந்து மெல்லப் பாடிக்கொண்டு நெய்வதாகக் கொள்வோம். அதைப் பதிந்து இப்படத்தில் நோக்கினால், குறுக்கிழையைச் சுமந்து இருபுறமும் ஓடும் ஓடம் பெட்டியில் மோதும் ஒலி, கீழிருந்து மேல்வரை நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். கணப்பொழுதே நிகழும் ஒலியிற் பல மீடிறன்களும் கலந்திருத்தலே அதன் காரணம். மிதிகட்டையின் அடி படத்தின் அடிப்பகுதியிற் சிறு கறையாக நிற்கும். பாடுங் குரலோ ஒன்றின்மேலொன்றாக அடுக்கிய வளைகோடுகளாக நெளியும். அடிக்கோடு அடிப்படைச் சுரம், ஏனையவை மேற்றொனிகள். அயலிலே மின்கருவி ஓடின், 50 ஹேட்சிலும் அதன் மடங்குகளாகிய 100, 150 ஹேட்சிலும் வளையாத நேர்க்கோடுகள் தோன்றும். இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை அலைவதே இதற்குக் காரணம். செங்குத்துக் கோடுகளின் இடைவெளியை அளந்தால் நெசவாளரின் கை வேகம் தெரியும். வளைகோட்டை அளந்தால் பாட்டின் இராகம் தெரியும்.

இவ்விடத்தே ஒரு கணக்கை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நேரத்தையும் மீடிறனையும் ஒருங்கே மிக நுணுக்கமாகக் காணல் இயலாது. செக்கனுக்கு 44,100 அளவுகள் கொண்ட பதிவில் 1,024 அளவுகளை ஒரு கூறாக எடுத்து ஆராய்ந்தால், 23 மில்லிசெக்கன் அளவுக்கு நேரம் துல்லியமாகும். ஆனால் மீடிறன் 43 ஹேட்ஸ் அகலத்துக்கு மங்கும். 8,192 அளவுகளை எடுத்தால் மீடிறன் ஏறக்குறைய 5 ஹேட்ஸ் வரை தெளியும்; நேரமோ 186 மில்லிசெக்கன் அளவுக்கு மங்கும். ஆதலின் ஓடத்தின் அடியை எண்ணுவோர் சிறு கூற்றையும், கவியின் இராகத்தை அளப்போர் பெருங் கூற்றையும் கொள்ளல் தகும். ஒரே படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் கண்டுவிட்டதாகக் கூறுதல் பிழையாகும்.

கருவியை நம்பிக் குறிப்பைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒலிப்பதிவின் வரலாற்றிலேயே சான்று உண்டு. எடிசன் 1877இல் ஒலியை மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியை அமைத்தார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1857இல், பாரிஸ் நகரத்து ஸ்கொற் என்பவர் புகைக்கரி பூசிய தாளில் ஒலியலையைக் கோடாக வரையும் பொறியை அமைத்திருந்தார். அக்கோட்டை மீண்டும் ஒலிக்கச் செய்யும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. 1860ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் பதிந்த ஒரு பாட்டின் தாளை 2008இல் அமெரிக்க ஆய்வாளர் கணினியின் துணைகொண்டு ஒலிக்கச் செய்தனர். கையாற் சுழற்றப்பட்ட பொறியின் வேகம் கூடியும் குறைந்தும் இருந்திருக்கும். எனினும் குரலின் பக்கத்திலேயே இசைக்கவை ஒன்றின் அதிர்வையும் ஸ்கொற் பதிந்து வைத்திருந்தமையால் வேகத்தைச் சீர்செய்ய முடிந்தது. ஆனால் அவ்விசைக்கவையின் அதிர்வைக் குறித்த எண்ணை ஆய்வாளர் முதலிற் பிறழ உணர்ந்தனர். அக்காலப் பிரெஞ்சு வழக்கில் ஒரு முழு அதிர்வு இரண்டாக எண்ணப்பட்டது. ஆகவே முதலிற் கேட்ட குரல் இருமடங்கு வேகத்தில் ஒரு சிறுமியின் குரல்போல் ஒலித்தது. பின்னர் பிழை தெளிந்து வேகத்தைப் பாதியாக்கியபோது, மெல்ல நிறுத்திப் பாடும் ஓர் ஆணின் குரல் வெளிப்பட்டது. அது ஸ்கொற்றின் குரலே ஆகலாம் என்பது அறிஞர் கருத்து. ஒரு குறிப்பின் பொருள் மாறியதால் ஆண் சிறுமியானான். குறிப்பு அங்கிருந்தமையாலேயே பின்னர் உண்மை மீண்டது.

இஃது எங்கோ பாரிஸ் நகரத்துக்கு மட்டும் உரிய செய்தி என எண்ணற்க. கல்முனைக் கரையோர வீடுகளிலே இன்னும் அலுமாரிகளிற் கிடக்கும் ஒலிநாடாக்களுக்கும் இது பொருந்தும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறு ஒலிநாடாப் பேழையை அறிமுகஞ் செய்தது. பின்னர் இப்பகுதி மக்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற காலத்தில், எழுத்தறியாத தாய்க்கும் கைக்குழந்தைக்கும் கடிதமாக அந்நாடா பயன்பட்டது. அங்கிருந்து கணவனின் பேச்சு வந்தது; இங்கிருந்து குழந்தையின் மழலையும் உம்மாவின் துஆவும் சென்றன. அந்நாடாக்களுட் பலவற்றில் இன்று உயிரோடில்லாதோரின் குரல் உள்ளது. உப்புக்காற்றும் ஈரமும் நாடாவைப் பூஞ்சணத்துக்கு இரையாக்குகின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்மாவட்டத்திலேயே நேர்ந்தது. வீடுகள் போனபோது அவற்றிலிருந்த படங்களும் நாடாக்களும் உடன் போயின. ஆகவே எஞ்சியிருக்கும் நாடாக்கள் விலைமதிப்பற்றவை.

அத்தகைய நாடாவைக் கணினியில் ஏற்றும்போது, பழைய இயந்திரம் விரைந்து ஓடினால் குரல் கீச்சிடும்; தளர்ந்து ஓடினால் கனக்கும். சரியான வேகம் யாது? மின்னிணைப்போடு பதியப்பட்ட நாடாவாயின், அதில் மின்னோட்டத்தின் முணுமுணுப்பும் பதிந்திருத்தல் கூடும். கல்முனையிற் பதிந்த நாடாவில் அக்கோடு 52 ஹேட்சில் நின்றால், இயந்திரம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்து ஓடுகின்றது என அறிந்து திருத்தலாம். எவ்வளவு அழகிய உபாயம்! ஆயின் சவூதி அரேபியாவின் மின்னோட்டம் 60 ஹேட்ஸ் ஆகும். கட்டார், குவைத் முதலிய நாடுகளிலோ 50 ஹேட்ஸ். றியாத்திலிருந்து வந்த நாடாவை ஊரிற் பதிந்ததெனக் கொண்டு 60ஐ 50க்கு இறக்கினால், குரல் மூன்று அரைச்சுரம் தாழ்ந்து இளைஞன் முதியவன்போற் பேசுவான். கணினி அப்பிழையைத் தடுக்காது. கேட்டபடி திருத்திக் கொடுக்கும். நாடாப் பேழையின் மேல் ஊரும் தேதியும் பேனாவால் எழுதியிருந்தால் அதுவே பிழையைத் தடுக்கும். அக்குரலை அறிந்த ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவரை அழைத்துக் கேட்பித்தலும் தடுக்கும். இவ்விரண்டாவது வாய்ப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே செல்கின்றது.

வானொலி நாடகத்துக்கும் ஆவணப்படத்துக்கும் ஒலியமைப்போர் இவ்வாராய்ச்சியால் வேறு பயனும் பெறுவர். கடலிரைச்சல் பல மீடிறன்களிற் பரந்து கிடப்பது. அது பாத்திரங்களின் பேச்சை மூடிவிடுகின்றது. பேச்சின் தெளிவு பெரிதும் 1,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையான பகுதியிலேயே தங்கியுள்ளது. கடலொலியின் அப்பகுதியை மட்டும் சற்றுத் தாழ்த்தினால், கடலும் கேட்கும், பேச்சும் கேட்கும். ஒலிவாங்கியிற் காற்று மோதுவதால் எழும் குமுறலின் பெரும்பகுதி தாழ்ந்த மீடிறன்களில் நிற்பதால், அதனை வடிகட்டலாம். இவை கலைக்கு ஏற்ற செயல்கள். ஆனால் இவ்வாறு மாற்றிய ஒலியை மூலப்பதிவின் இடத்தில் வைத்தல் ஆகாது. இரைச்சலென்று இன்று நீக்கப்படுவது நாளை ஓர் ஆய்வாளனுக்கு வேண்டிய செய்தியாக இருக்கலாம். நாடாவின் முணுமுணுப்பே அதன் வேகத்தைச் சொன்னதை மேலே கண்டோம். ஆதலின் மூலத்தைத் தொடாது வைத்து, படியிலேயே திருத்தம் செய்தல் வேண்டும்.

பதிவிற் செய்யவேண்டியவை சிலவே. தொடக்கத்திலே ஊர், தேதி, நேரம் ஆகியவற்றை வாயாற் சொல்லிப் பதிதல். இசைக்கவை இருப்பின் அதன் ஒலியையும் உடன் பதிதல். பாடுவோர் யார், எவரிடம் கற்றார், ஒலிவாங்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பவற்றை எழுதிவைத்தல். படிகள் இரண்டுக்குக் குறையாமல் எடுத்து, அவற்றுள் ஒன்றைக் கரையிலிருந்து தொலைவிலுள்ள ஊரிலே வைத்தல். இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பாடுவோரின் இசைவைப் பெறுதல் வேண்டும். தாலாட்டுப் பாடும் தாயொருத்தி தன் குரல் அயலார் காதுக்குச் செல்வதை விரும்பாதிருக்கலாம். அவளது விருப்பத்தை மதித்து, வீட்டாருக்கென மட்டும் பதிந்து கொடுத்தலும் ஒரு தொண்டேயாகும். இசைவு பெற்ற பதிவுகளை ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிலையங்களும், 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இலக்கமுறை நூலகம் போன்ற அமைப்புகளும் காத்துப் பேணுமாயின், அவை ஒரு வீட்டின் அலுமாரியோடு அழிந்துபோகா.

மருதமுனைத் தறியின் முன்னும், நிந்தவூர் மூதாட்டியின் பக்கத்திலும், வலையிழுப்போர் நிற்கும் மணலிலும் சென்று கேட்கும் இளைஞருக்கு இன்று பெரும்பொருள் தேவையில்லை. ஆராய்ச்சி செய்வதற்குப் பின்னாலும் காலம் உண்டு. நாளை இன்னும் நுண்ணிய கருவிகள் வரும். பதிவு செய்வதற்கோ பாடுவோர் இருக்குங் காலமே காலம்.